டெல்ஃபி, விபி6, சி பிளஸ் பிளஸ் நிரலில் டாட்நெட் டிஎல்எல் வேலை செய்யவில்லையா? அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிக்கும் வழி

பழைய டெஸ்க்டாப் மென்பொருள் ஒன்று இருக்கிறது. டெல்ஃபியிலோ விஷுவல் பேசிக் 6-லோ சி பிளஸ் பிளஸ்ஸிலோ எழுதியது. நன்றாக ஓடுகிறது, அதைத் திரும்ப எழுத யாருக்கும் நேரமில்லை. இப்போது அதற்குள்ளிருந்து ஓர் இணையச் சேவையை அழைக்க வேண்டும், அல்லது பிடிஎஃப்பில் டிஜிட்டல் கையொப்பம் போட வேண்டும். சி ஷார்ப்பில் சில வரிகளில் முடிகிற வேலை என்பதால் ஒரு டாட்நெட் லைப்ரரி எழுதி இணைக்கிறோம். இணைத்ததும் வருவது எட்டு இலக்கத்தில் ஒரு பிழை எண்.

அந்த எண்ணைத் தேடினால் கிடைக்கிற பதில்களில் பாதி ஒரே அறிவுரைதான்: ரெக்ஆஸ்ம் கட்டளையை (டாட்நெட் டிஎல்எல்லை ரெஜிஸ்ட்ரியில் பதிவு செய்வது) மறுபடி ஓட்டிப் பாருங்கள். சில சமயம் அது பலிக்கும். பல சமயம் ரெஜிஸ்ட்ரியில் குப்பை சேர்ந்து, அடுத்த பிழையைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினமாகிவிடும். அதற்குப் பதிலாக ஒரு கேள்வியைக் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள்: அழைப்பு எதுவரை போனது?

காம் (வெவ்வேறு மொழிகளில் எழுதிய நிரல்கள் ஒன்றையொன்று அழைக்க விண்டோஸ் தரும் ஏற்பாடு) வழியாகப் போகும் அழைப்பின் பாதை இதுதான். நேட்டிவ் நிரல், அதாவது டாட்நெட் இல்லாமல் ஓடும் உங்கள் பழைய மென்பொருள் (இதையே ஹோஸ்ட் என்றும் சொல்வேன்), ஒரு கிளாஸைக் கேட்கிறது. காம் அதை ரெஜிஸ்ட்ரியில் தேடுகிறது. அங்கே எம்எஸ்கோர்இஇ என்ற டிஎல்எல்லின் பெயர் இருக்கும். அது டாட்நெட் ரன்டைமை (டாட்நெட் நிரலை ஓட்டும் பகுதி) எழுப்புகிறது. ரன்டைம் உங்கள் டிஎல்எல் கோப்பைத் தேடி ஏற்றுகிறது, கிளாஸின் கன்ஸ்ட்ரக்டரை ஓட்டுகிறது, பிறகு மெத்தட், பிறகு திரும்பி வரும் மதிப்பு. ஒவ்வொரு பிழையும் இந்தப் பாதையில் ஏதோ ஓர் இடத்துக்குச் சொந்தம். அந்த இடம் தெரிந்துவிட்டால் அதற்கு முந்தையவற்றைத் தொடவே வேண்டாம். அவை சரியாக இருப்பதால்தான் அழைப்பு அங்கே வந்து சேர்ந்திருக்கிறது.

முதலில் எண்ணின் தொடக்கத்தைப் பாருங்கள்

பிழை எண்ணின் முன்னால் வரும் 0எக்ஸ் என்பதை இங்கே விட்டுவிடுகிறேன். 80040154 போல 8004 என்று தொடங்கும் எண்கள் இந்த வேலையில் பெரும்பாலும் காமிடமிருந்து வருகின்றன. டாட்நெட் இன்னும் எழவே இல்லை என்று பொருள். 8007 என்று தொடங்கினால் அது விண்டோஸின் சாதாரணப் பிழை எண், காமின் உறைக்குள் போட்டுத் தரப்படுகிறது. கடைசி நான்கு இலக்கங்களை ஹெக்ஸாகப் படித்தால் பழைய எண் கிடைத்துவிடும்: 0002 என்றால் கோப்பு இல்லை, 000பி என்றால் 11, அதாவது கோப்பின் வடிவம் பொருந்தவில்லை. 8013 என்று தொடங்கினால் பேசுவது டாட்நெட். ரெஜிஸ்ட்ரி, பதிவு எல்லாம் தாண்டி வந்தாகிவிட்டது, இனி ரெக்ஆஸ்ம் பக்கம் போகாதீர்கள். இதில் கவனிக்க வேண்டிய விதிவிலக்கு 80131700. அங்கே ரன்டைமை ஏற்றுவதே தோற்றிருக்கிறது. 80008 என்று தொடங்கும் எண்கள் டாட்நெட் கோரோடு வந்த, ரன்டைமைத் தேடி எழுப்பும் பகுதியிலிருந்து வருபவை.

விபி6 இந்த எண்களை மறைத்து 429, 430 என்று தன் சொந்த எண்களைக் காட்டும். அதே அழைப்பை நான்கு வரி விபிஸ்கிரிப்டில் எழுதி ஓட்டினால் பல சமயம் உண்மையான எண் வெளியே வரும். ஆனால் ஸ்கிரிப்டை ஓட்டும் டபிள்யூஸ்கிரிப்ட் எக்ஸியிலும் 32 பிட், 64 பிட் என இரண்டு உண்டு. உங்கள் மென்பொருள் 32 பிட் என்றால் சிஸ்வாவ்64 கோப்புறையில் இருப்பதையே எடுங்கள்.

டிஎல்எல் ஏறுகிறது, ஃபங்ஷன் மட்டும் கிடைக்கவில்லை

டிஎல்எல்லை ஏற்றும் லோட்லைப்ரரி வெற்றி, ஃபங்ஷனைத் தேடும் கெட்ப்ராக்அட்ரஸ் வெறுங்கையோடு திரும்புகிறது, கடைசிப் பிழை 127. விபி6-இல் டிக்ளேர் எழுதி அழைத்தால் 453. ரெக்எஸ்விஆர்32 கொண்டு பதிவு செய்யப் போனால் “டிஎல்எல் ரெஜிஸ்டர் சர்வர் என்ற நுழைவுப் புள்ளி இல்லை” என்கிறது.

மூன்றுக்கும் காரணம் ஒன்று. சி ஷார்ப் உருவாக்கும் டிஎல்எல்லும் விண்டோஸ் ஏற்றிக்கொள்ளும் கோப்புதான், அதனால் லோட்லைப்ரரி மறுப்பதில்லை. ஆனால் அதில் நேட்டிவ் ஏற்றுமதிப் பட்டியல் கிடையாது. மெத்தடுக்குப் பப்ளிக், ஸ்டாட்டிக் என்று என்ன அடைமொழி போட்டாலும் வெளியிலிருந்து பெயர் சொல்லி எடுக்க முடியாது. டிபெண்டன்சி வாக்கரில் திறந்து பாருங்கள், பட்டியல் காலியாக இருக்கும்.

வழிகள் பல உண்டு. கிளாஸும் ஆப்ஜெக்டுமாக வேண்டும் என்றால் காம். வெறும் ஃபங்ஷன்கள் போதும், ஹோஸ்ட் சி பிளஸ் பிளஸ் என்றால் நடுவில் ஒரு சி பிளஸ் பிளஸ் சிஎல்ஐ (டாட்நெட்டோடும் பேசும் சி பிளஸ் பிளஸ் வகை) பாலம். டாட்நெட் 5 அல்லது அதற்கு மேல் என்றால் ஹோஸ்ட்எஃப்எக்ஸ்ஆர் வழியாக ரன்டைமை நீங்களே எழுப்பி, அன்மேனேஜ்டு காலர்ஸ் ஒன்லி என்று குறித்த ஸ்டாட்டிக் மெத்தடின் சுட்டியைப் பெறலாம். டாட்நெட் 7 முதல் நேட்டிவ் ஏஓடி கொண்டு ஏற்றுமதிப் பட்டியலுள்ள உண்மையான நேட்டிவ் டிஎல்எல்லாகவே கம்பைல் செய்யலாம். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு, நுழைவு ஃபங்ஷன்கள் பத்துப் பதினைந்துக்குள் இருந்தால், நேட்டிவ் ஏஓடியைத்தான் சொல்வேன். பதிவு வேண்டாம், பயனர் கணினியில் ரன்டைமும் வேண்டாம். ஆனால் ரிஃப்ளெக்ஷனை (ஓடும்போது வகைகளைப் பெயரால் தேடுவது) நம்பி எழுதப்பட்ட லைப்ரரிகள் அங்கே தடுமாறும், ஒருமுறை ஏற்றிய டிஎல்எல்லை இறக்கவும் முடியாது. இரண்டையும் முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

80040154: கிளாஸ் நாட் ரெஜிஸ்டர்டு (விபி6-இல் 429)

முதல் சந்தேகம் எப்போதும் பிட்டின் மேல்தான் இருக்க வேண்டும். 64 பிட் விண்டோஸில் ரெஜிஸ்ட்ரியின் காம் பகுதி இரண்டாக இருக்கிறது. 32 பிட் நிரல் வாவ்6432நோடு என்ற கிளைக்குள் பார்க்கும், 64 பிட் நிரல் மற்றதில் பார்க்கும். ரெக்ஆஸ்மும் இரண்டு. விண்டோஸ் கோப்புறையில் மைக்ரோசாஃப்ட் டாட்நெட் என்பதற்குள் ஃபிரேம்வொர்க், ஃபிரேம்வொர்க்64 என்று இரண்டு இருக்கும், இரண்டிலும் வி4.0.30319 உண்டு. டிஎல்எல்லை எனி சிபியூ (32, 64 இரண்டு பிட்டிலும் ஓடுவது) என்று கம்பைல் செய்திருப்பதால் இரு பக்கமும் பதிவாகிவிடும் என்று நினைப்பது இயல்பு. ஆகாது. எந்த ரெக்ஆஸ்மை ஓட்டினீர்களோ அந்தப் பக்கம் மட்டும்தான் பதிவாகும். விபி6 எப்போதும் 32 பிட். எக்செல் எதுவாகவும் இருக்கலாம். டாஸ்க் மேனேஜரின் டீடெய்ல்ஸ் பக்கத்தில் பிளாட்ஃபார்ம் என்ற பத்தியைச் சேர்த்தால் ஹோஸ்ட் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

பிட் சரி என்றால் ரெக்ஆஸ்ம் என்ன சொன்னது என்று நிதானமாகப் படியுங்கள். “எந்த வகையும் பதிவாகவில்லை” என்ற எச்சரிக்கையைப் பலர் வெற்றி என்று எண்ணி ஜன்னலை மூடிவிடுகிறார்கள். கிளாஸ் பப்ளிக்காக இருக்க வேண்டும், அளவுருக்கள் இல்லாத பப்ளிக் கன்ஸ்ட்ரக்டர் வேண்டும், காமுக்குத் தெரியும்படி காம்விசிபிள் ட்ரூ ஆக வேண்டும். விஷுவல் ஸ்டுடியோவின் பழைய டெம்ப்ளேட் அசெம்ப்ளி முழுவதற்கும் அதை ஃபால்ஸ் என்றே எழுதித் தரும்.

மூன்றாவது காரணம் அதிகம் பேசப்படாதது. சாதாரணமாகத் திறந்தால் ஓடுகிறது, “ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்” என்று திறந்தால் 80040154 வருகிறது. கிளாஸ் நடப்புப் பயனரின் கிளையில் மட்டும் பதிவாகியிருந்தால் இப்படி நடக்கும். விஸ்டாவிலிருந்து, உயர்ந்த உரிமையோடு ஓடும் நிரலுக்குக் காம் அந்தப் பயனர் கிளையைப் பார்ப்பதே இல்லை. பாதுகாப்புக்காக வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். கணினி முழுவதற்கும் பதிவு செய்யுங்கள், அல்லது ஹோஸ்டை உயர்ந்த உரிமையில் ஓட்டாதீர்கள்.

இன்னும் பிடிபடவில்லை என்றால் சிஸ்இன்டர்னல்ஸ் தரும் ப்ராசஸ் மானிட்டரைத் திறந்து, ஹோஸ்டின் பெயரை வடிகட்டியில் கொடுத்து, “நேம் நாட் ஃபவுண்ட்” வரிகளைப் பாருங்கள். எந்த எண்ணுள்ள கிளாஸை எந்தக் கிளையில் தேடி ஏமாந்தது என்பது அங்கே எழுத்தில் இருக்கும். இந்த ஒரு கருவியைக் கற்றுக்கொண்டால் இந்தக் கட்டுரையின் பாதி தேவைப்படாது.

80070002: கோப்பு கிடைக்கவில்லை

ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள்: பிழை ஆப்ஜெக்டை உருவாக்கும்போதே வருகிறதா, அல்லது மெத்தடை அழைக்கும்போதா?

உருவாக்கும்போதே என்றால் ரெஜிஸ்ட்ரியில் கிளாஸ் இருக்கிறது, ரன்டைமும் எழுந்துவிட்டது, உங்கள் டிஎல்எல் எங்கே என்றுதான் அதற்குத் தெரியவில்லை. டாட்நெட் முதலில் பொது அசெம்ப்ளி கிடங்கில் பார்க்கும், பிறகு ஹோஸ்டின் எக்ஸி இருக்கும் கோப்புறையில். டிஎல்எல் எங்கே இருந்தபோது பதிவு செய்தீர்கள் என்பது அதற்குத் தெரியாது. ரெக்ஆஸ்மை ஓட்டும்போது கோட்பேஸ் என்ற சுவிட்சைக் கொடுத்தால் மட்டுமே முழுப் பாதையும் ரெஜிஸ்ட்ரியில் எழுதப்படும். ஸ்ட்ராங் நேம் (கையொப்பமிட்ட அடையாளம்) இல்லாத டிஎல்எல்லுக்கு அப்படிக் கொடுத்தால் ஓர் எச்சரிக்கை வரும், ஆனாலும் பதிவு நடந்துவிடும். ஸ்ட்ராங் நேம் வைத்துவிடுவதே என் பரிந்துரை.

மெத்தடை அழைக்கும்போது வருகிறது என்றால் வேறு கதை. உங்கள் டிஎல்எல் ஏறிவிட்டது, அது சார்ந்திருக்கும் இன்னொன்று இல்லை. அல்லது உங்கள் நிரலே திறக்க முயன்ற ஏதோ ஒரு தரவுக் கோப்பு இல்லை. ஃபைல் நாட் ஃபவுண்ட் எக்செப்ஷனும் காமைத் தாண்டி வரும்போது இதே எண்ணாகத்தான் மாறுகிறது. எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டையும் பிரிக்க முடியாது. எக்செப்ஷனின் செய்தியைப் படிக்க வேண்டும். சி பிளஸ் பிளஸ்ஸில் இம்போர்ட் வழியாக அழைத்திருந்தால் காம் எரர் ஆப்ஜெக்டின் டிஸ்கிரிப்ஷனில் அந்தச் செய்தி இருக்கும், விபி6-இல் எர்ர் ஆப்ஜெக்டில்.

மெத்தடின் முதல் வரியிலேயே ட்ரை கேட்ச் போட்டிருக்கிறேன், ஆனாலும் அது பிடிக்கவில்லை என்று கேட்பவர்கள் நிறைய. ஜிட் கம்பைலர் (ஓடும்போதே இயந்திர மொழிக்கு மாற்றுவது) அந்த மெத்தடைக் கம்பைல் செய்யும்போதே அதில் வரும் வெளி வகைகளைத் தேடுகிறது. அவை கிடைக்காவிட்டால் முதல் வரி ஓடுவதற்கு முன்பே எக்செப்ஷன் எழுந்துவிடும். அதனால் வெளியே தெரியும் மெத்தடில் ட்ரை கேட்ச் மட்டும் வையுங்கள். உண்மையான வேலையை உள்ளே வேறொரு மெத்தடில் எழுதி, இன்லைன் ஆகாதபடி குறித்துவிடுங்கள்.

80131040: பதிப்பு பொருந்தவில்லை

கோப்பு கிடைத்தது, ஆனால் உள்ளே எழுதியிருக்கும் பதிப்பு கேட்ட பதிப்பு இல்லை. நியூட்டன்சாஃப்ட் ஜேசன் போல எல்லோரும் பயன்படுத்தும் லைப்ரரிகளில்தான் இது அதிகம். வழக்கமான தீர்வு பைண்டிங் ரீடைரக்ட் (ஒரு பதிப்பைக் கேட்டால் வேறொன்றைக் கொடு என்ற குறிப்பு), அது விஷுவல் ஸ்டுடியோவில் பெரும்பாலும் தானாகவே எழுதப்படும். ஆனால் அது எழுதப்படுவது உங்கள் டிஎல்எல்லின் கான்ஃபிக் கோப்பில். டாட்நெட் படிப்பது ஹோஸ்ட் எக்ஸியின் கான்ஃபிக் கோப்பை.

ஹோஸ்ட் உங்களுடையது என்றால் எக்ஸியின் பெயரோடு டாட் கான்ஃபிக் சேர்ந்த கோப்பு ஒன்றை அதன் பக்கத்தில் வைத்துவிட்டால் போதும். எக்செல் போல மற்றவருடையது என்றால் அப்படிச் செய்யாதீர்கள், அங்கே ஓடும் எல்லா ஆட்இன்களையும் அது பாதிக்கும். அப்போது ஆப்டொமைனின் அசெம்ப்ளி ரிசால்வ் நிகழ்வைப் பிடித்து, சரியான கோப்பை நீங்களே ஏற்றிக் கொடுக்கலாம். அந்த நிகழ்வில் சேரும் வரி காமுக்குத் தெரியும் கிளாஸின் ஸ்டாட்டிக் கன்ஸ்ட்ரக்டரில் இருக்கட்டும். அந்தக் கிளாஸில் வெளி லைப்ரரி வகையில் ஒரு ஃபீல்டு கூட இருக்கக் கூடாது, இருந்தால் சேர்வதற்கு முன்பே தேடல் தொடங்கிவிடக்கூடும்.

எந்தக் கோப்பை எங்கெல்லாம் தேடியது என்று அறிய, டாட்நெட் ஃபிரேம்வொர்க்குக்கு ஃபியூஸ்லாக்விடபிள்யூ என்ற கருவி விஷுவல் ஸ்டுடியோவோடு வருகிறது. அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து பதிவை இயக்குங்கள். வேலை முடிந்ததும் மறக்காமல் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கணினியில் எல்லா டாட்நெட் நிரல்களும் மெதுவாகும்.

8007000பி

64 பிட்டுக்குக் கம்பைல் செய்த டிஎல்எல்லை 32 பிட் ஹோஸ்ட் ஏற்றப் பார்க்கிறது, அல்லது நேர்மாறாக. உங்கள் டிஎல்எல் எனி சிபியூ என்றால் அது சார்ந்திருக்கும் நேட்டிவ் டிஎல்எல்லைப் பாருங்கள். எஸ்க்யூஎல்லைட்டோடு வரும் இன்டராப் கோப்பு அடிக்கடி மாட்டும்.

டாட்நெட் 5-க்கு மேல்: ரெக்ஆஸ்ம் வேலை செய்யவில்லை, 80008083, 80008096

ரெக்ஆஸ்ம் டாட்நெட் ஃபிரேம்வொர்க்குக்கு மட்டுமானது. டாட்நெட் கோர் 3.0-லிருந்து வழி மாறிவிட்டது. ப்ராஜெக்ட் கோப்பில் எனேபிள் காம் ஹோஸ்டிங் என்பதை ட்ரூ ஆக்கினால், உங்கள் டிஎல்எல்லோடு காம்ஹோஸ்ட் என்று முடியும் இன்னொரு டிஎல்எல் உருவாகும். அது நேட்டிவ். ரெக்எஸ்விஆர்32 கொண்டு பதிவு செய்ய வேண்டியது அதைத்தான். பக்கத்தில் ரன்டைம்கான்ஃபிக் ஜேசன், டெப்ஸ் ஜேசன் கோப்புகளும் இருக்க வேண்டும். பயனர் கணினிக்கு டிஎல்எல்லை மட்டும் நகலெடுத்துவிட்டு இவற்றை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது.

அந்தக் காம்ஹோஸ்ட் நேட்டிவ் என்பதால் அதற்குப் பிட் உண்டு. 64 பிட் எஸ்டிகே இயல்பாக 64 பிட்டையே தரும். விபி6-க்கும் பழைய டெல்ஃபிக்கும் ரன்டைம் ஐடென்டிஃபையரை வின்-எக்ஸ்86 என்று கொடுத்து பில்ட் செய்ய வேண்டும். பயனர் கணினியிலும் 32 பிட் டாட்நெட் ரன்டைம் தனியாக நிறுவப்பட்டிருக்க வேண்டும். 64 பிட் ரன்டைம் இருப்பது 32 பிட் ஹோஸ்டுக்கு எந்த உதவியும் செய்யாது. 80008096 வந்தால் ரன்டைம்கான்ஃபிக் கேட்கும் ஃபிரேம்வொர்க் இல்லை. 80008083 வந்தால் ரன்டைமை எழுப்பும் டாட்நெட்டின் சொந்த டிஎல்எல்களே கிடைக்கவில்லை. 80008093 வந்தால் ரன்டைம்கான்ஃபிக் கோப்பில் கோளாறு. கோர்ஹோஸ்ட் ட்ரேஸ் என்ற சூழல் மாறியை 1 ஆக்கி, கோர்ஹோஸ்ட் ட்ரேஸ்ஃபைலில் ஒரு கோப்புப் பெயரும் கொடுத்துவிட்டு ஹோஸ்டை ஓட்டினால், தேடிய ஒவ்வோர் இடமும் அந்தக் கோப்பில் வரிசையாக வந்துவிடும்.

டைப் லைப்ரரியை (கிளாஸ்கள், மெத்தட்களின் விவரம் அடங்கிய கோப்பு) இங்கே யாரும் தானாக உருவாக்கித் தர மாட்டார்கள். அதை விவரிக்கும் ஐடிஎல் கோப்பை நீங்களே எழுதி, எம்ஐடிஎல் என்ற கருவியால் கம்பைல் செய்ய வேண்டும். விபி6-இல் ரெஃபரன்ஸ் பட்டியலில் உங்கள் லைப்ரரி தெரியவில்லை என்றால் காரணம் இதுதான்.

காம் இல்லாமல் ஹோஸ்ட்எஃப்எக்ஸ்ஆர் வழியாக நேரடியாக எழுப்புபவர்களுக்கு இரண்டு எண்கள்: 80131522 என்றால் வகை கிடைக்கவில்லை, 80131513 என்றால் மெத்தட் கிடைக்கவில்லை. வகைப் பெயரோடு கமா போட்டு அசெம்ப்ளி பெயரையும் தர வேண்டும். அன்மேனேஜ்டு காலர்ஸ் ஒன்லி மெத்தட் என்றால் டெலிகேட் (மெத்தடைச் சுட்டும் டாட்நெட் ஆப்ஜெக்ட்) வகைக்கான இடத்தில் அதற்கென்றே உள்ள சிறப்பு மாறிலியைக் கொடுங்கள். அங்கே நல் கொடுத்தால், ஒரு சுட்டியும் ஓர் அளவும் வாங்கி இன்ட் திருப்பும் மெத்தடைத்தான் தேடும். ரன்டைம்கான்ஃபிக் கோப்பே உருவாகவில்லை என்றால் ப்ராஜெக்டில் எனேபிள் டைனமிக் லோடிங் போடுங்கள்.

இந்தப் பகுதியில் மிகவும் குழப்புவது ஒன்று இருக்கிறது. ஒரே ஹோஸ்டில் இரண்டு ஆட்இன்கள். தனித்தனியே இரண்டும் ஓடுகின்றன, சேர்ந்து ஓடினால் பின்னால் வருவது 800080ஏ5 என்று விழுகிறது. ஒரு ப்ராசஸில் புதிய டாட்நெட் ரன்டைம் ஒன்றுதான் இருக்க முடியும். முதலில் வந்தது டாட்நெட் 6-ஐ ஏற்றிவிட்டால் டாட்நெட் 8 கேட்கும் அடுத்தது ஏற முடியாது. டாட்நெட் 8 முதலில் ஏறி, அடுத்தது 6 கேட்டாலும், ரோல்ஃபார்வர்டு விதி இயல்பாக அடுத்த பெரிய பதிப்புக்குத் தாவ விடாது. இதைத் தளர்த்த லேட்டஸ்ட் மேஜர் என்று ரன்டைம்கான்ஃபிக்கில் எழுதலாம். புதியது பின்னால் வரும் சிக்கல் அதனாலும் தீராது. இரண்டு ஆட்இன்களையும் ஒரே பதிப்புக்குக் கொண்டுவாருங்கள், இல்லையென்றால் ஒன்றைத் தனி ப்ராசஸுக்கு மாற்றுங்கள். பழைய டாட்நெட் ஃபிரேம்வொர்க் 4-உம் புதிய டாட்நெட்டும் ஒரே ப்ராசஸில் சேர்ந்து ஓடும், அதில் தடை இல்லை.

சோதனை எக்ஸியில் ஓடுகிறது, ஹோஸ்டில் ஓடவில்லை

சி ஷார்ப்பில் ஒரு சிறிய சோதனை நிரல் எழுதி அழைத்தால் எல்லாம் சரி. விபி6-லிருந்து அழைத்தால் “எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் பாதுகாப்பு இணைப்பை உருவாக்க முடியவில்லை” என்று வருகிறது. சர்வர் ஒன்று, கணினி ஒன்று, டிஎல்எல்லும் ஒன்று. ஃபயர்வாலையும் சான்றிதழையும் மக்கள் நாள்கணக்கில் துருவுவது இங்கேதான்.

டாட்நெட் ஃபிரேம்வொர்க் பழைய நிரல்கள் உடையாமல் இருக்கச் சில நடத்தைகளை, எக்ஸி எந்தப் பதிப்புக்காகக் கம்பைல் செய்யப்பட்டது என்பதைப் பார்த்து முடிவு செய்கிறது. டிஎல்எல் 4.8-க்காக இருந்தாலும் கணக்கில் வருவது எக்ஸி. நேட்டிவ் எக்ஸியில் அப்படி ஒரு குறிப்பே கிடையாது, எனவே பழைய நடத்தை தேர்வாகிறது. அதில் இயல்பான நெறிமுறை டிஎல்எஸ் 1.0. இன்றைய சர்வர்கள் பலவும் அதை ஏற்பதில்லை. நிரலில் சர்வீஸ் பாயின்ட் மேனேஜரின் செக்யூரிட்டி ப்ரோட்டோகாலில் டிஎல்எஸ் 1.2-ஐச் சேர்த்துவிடலாம். கணினி அளவில் செய்வதானால் ரெஜிஸ்ட்ரியில் எஸ்சிஎச் யூஸ் ஸ்ட்ராங் கிரிப்டோ என்பதை 1 ஆக்குங்கள், 32 பிட் ஹோஸ்டுக்கு வாவ்6432நோடு பக்கத்திலும் சேர்த்து.

கனெக்ஷன் ஸ்ட்ரிங் நல் ஆக வருகிறது என்றால் அதுவும் இதே குடும்பம். கான்ஃபிகரேஷன் மேனேஜர் படிப்பது எக்ஸியின் கான்ஃபிக்கை. லைப்ரரிக்கு வேண்டிய அமைப்புகளை ஹோஸ்டே அளவுருவாகக் கொடுக்கும்படி எழுதிவிடுவது நல்லது.

புது பில்ட் போட்டதும் நின்றுவிட்டது: 80004002, 430, அல்லது ஒன்றை அழைத்தால் வேறொன்று ஓடுகிறது

எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானதாகத் தோன்றுகிறது, ஏனென்றால் எப்போதும் பிழையாக வெளிப்படாது. நேட்டிவ் பக்கம் இன்டர்ஃபேஸின் மெத்தட்களைப் பெயரால் அழைப்பதில்லை. வரிசையில் எத்தனையாவது என்பதை வைத்து அழைக்கிறது. நீங்கள் சி ஷார்ப்பில் இரண்டு மெத்தட்களுக்கு நடுவில் ஒன்றைச் சேர்த்துவிட்டால் கீழே உள்ளவை எல்லாம் ஒரு படி இறங்கிவிடும். பழைய எக்ஸி “சேமி” என்று அழைத்தால் “நீக்கு” ஓடலாம். அளவுருக்கள் பொருந்தாவிட்டால் கிராஷ் ஆகும். பொருந்திவிட்டால் யாருக்கும் தெரியாமல் தவறு நடக்கும்.

கிளாஸ் இன்டர்ஃபேஸை ஆட்டோ டுயல் (கிளாஸிலிருந்து இன்டர்ஃபேஸைத் தானாக உருவாக்குவது) என்று வைத்திருப்பவர்களுக்கு இது நிச்சயம் ஒருநாள் வரும். அதை நன் என்று மாற்றி, காமுக்கென்று ஓர் இன்டர்ஃபேஸைத் தனியாக எழுதி, அதற்கும் கிளாஸுக்கும் கைட் என்ற தனித்த அடையாள எண்ணை நீங்களே கொடுங்கள். கொடுக்காவிட்டால் இன்டர்ஃபேஸின் எண் மெத்தட்களின் வடிவத்திலிருந்தும், கிளாஸின் எண் பெயர், அசெம்ப்ளி பதிப்பு ஆகியவற்றிலிருந்தும் உருவாகும். அசெம்ப்ளி வெர்ஷனில் நட்சத்திரக்குறி இருந்தால் ஒவ்வொரு பில்டுக்கும் கிளாஸ் எண் மாறி, பழைய எக்ஸிகள் 80040154-க்குத் திரும்பும். வெளியிட்ட இன்டர்ஃபேஸை அதன்பின் தொடாதீர்கள். புது மெத்தட் வேண்டுமானால் இரண்டாவது இன்டர்ஃபேஸ் ஒன்றை எழுதிக் கிளாஸில் சேருங்கள்.

ஓவர்லோடு செய்த மெத்தட்கள் டைப் லைப்ரரியில் பெயருக்குப் பின்னால் அடிக்கோடு 2, 3 என்று மாறிப்போகும். ஸ்டாட்டிக், ஜெனரிக் மெத்தட்கள் வராது.

மதிப்பு தவறாக வருகிறது

பூல் வகையை முதலில் சந்தேகியுங்கள். காம் இன்டர்ஃபேஸில் அது இரண்டு பைட், ட்ரூ என்றால் கழித்தல் 1. சாதாரண பி இன்வோக்கில் (டாட்நெட்டிலிருந்து நேட்டிவ் ஃபங்ஷனை அழைப்பது) நான்கு பைட். சி பிளஸ் பிளஸ்ஸின் சொந்த பூல் ஒரே பைட். எல்லைகளில் பூலை விட்டுவிட்டு இன்ட் வைத்தால் தொல்லையே இல்லை. அன்மேனேஜ்டு காலர்ஸ் ஒன்லி மெத்தட்கள் பூலையும் ஸ்ட்ரிங்கையும் ஏற்பதே இல்லை, சுட்டியும் நீளமுமாகத்தான் கொடுக்க வேண்டும்.

விஷுவல் சி பிளஸ் பிளஸ் டீபக் பில்டில் இஎஸ்பி மதிப்பு சேமிக்கப்படவில்லை என்று கத்தினால் அழைப்பு மரபு (அளவுருக்களை ஸ்டாக்கிலிருந்து யார் நீக்குவது என்பது போன்ற விதி) பொருந்தவில்லை: ஒரு பக்கம் சிடெக்ல், மறுபக்கம் எஸ்டிடிகால். 64 பிட்டில் மரபு ஒன்றுதான் என்பதால் அங்கே ஓடும், 32 பிட்டில் உடையும்.

கேர்னல்பேஸ் டிஎல்எல்லில் கிராஷ், குறியீடு இ0434352

ஈவென்ட் வியூவர் இப்படிச் சொன்னால் கேர்னல்பேஸ் குற்றவாளி இல்லை. இ0434352 என்பது பிடிபடாமல் வெளியேறிய எந்த டாட்நெட் எக்செப்ஷனுக்கும் பொதுவான முத்திரை. அதே நேரத்தில் டாட்நெட் ரன்டைம் என்ற மூலத்திலிருந்து 1026 என்ற எண்ணுள்ள பதிவு பக்கத்தில் இருக்கும். எக்செப்ஷனின் வகையும் எந்த மெத்தடில் விழுந்தது என்பதும் அதில் இருக்கும். காம் எக்செப்ஷனைப் பிழை எண்ணாக மாற்றித் தரும், ஃபங்ஷன் சுட்டி வழி அப்படித் தராது. அங்கே ஒவ்வொரு நுழைவு மெத்தடிலும் எல்லாவற்றையும் பிடித்து ஓர் எண்ணாகத் திருப்புங்கள்.

சில நிமிடம் ஓடி, பிறகு கிராஷ்

நேட்டிவ் பக்கத்துக்கு ஒரு டெலிகேட்டைக் கால்பேக்காகக் கொடுத்திருக்கிறீர்களா? அதை யாரும் பிடித்து வைத்திருக்கவில்லை என்றால் கார்பேஜ் கலெக்டர் (பயன்படாத நினைவகத்தை விடுவிப்பது) எடுத்துப் போய்விடும். நேட்டிவ் பக்கம் அதன் சுட்டியை வைத்திருப்பது கலெக்டருக்குத் தெரியாது. டீபக்கில் ஓடி ரிலீஸில் விழுவது இதன் அடையாளம். டெலிகேட்டை ஒரு ஸ்டாட்டிக் ஃபீல்டில் வைத்தால் தீர்ந்தது.

டெல்ஃபியில் மட்டும் “இன்வாலிட் ஃப்ளோட்டிங் பாயின்ட் ஆப்பரேஷன்”

டெல்ஃபி தன் நிரல்களில் தசமக் கணக்குப் பிழைகளை எக்செப்ஷனாக எழுப்பும்படி செயலியை அமைத்து வைத்திருக்கும். டாட்நெட் அவை அடக்கப்பட்டிருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டது, பூஜ்ஜியத்தால் வகுத்தால் இன்ஃபினிட்டி என்று வைத்துக்கொண்டு மேலே போகும். டபிள்யூபிஎஃப் போன்றவற்றில் இது உடனே மோதும். அழைப்புக்கு முன் செட் எக்செப்ஷன் மாஸ்க் கொண்டு எல்லாவற்றையும் அடக்கி, முடிந்ததும் ஃபைனலியில் பழையபடி வையுங்கள். டெல்ஃபி 12-லிருந்து இயல்பு நிலையே அடக்கி வைப்பதுதான் என்பதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை.

ஃபார்ம் திறக்கிறது, டேப் விசை வேலை செய்யவில்லை

டாட்நெட் லைப்ரரி காட்டும் வின்ஃபார்ம்ஸ் ஜன்னலில் டேப், அம்புக்குறி, ஆல்ட் எழுத்துகள் செத்துக் கிடந்தால் காரணம் மெசேஜ் லூப் (விசை, மவுஸ் நிகழ்வுகளை வாங்கி ஜன்னல்களுக்கு அனுப்பும் சுழற்சி). ஓடுவது ஹோஸ்டின் லூப், அதற்கு வின்ஃபார்ம்ஸின் விசை விதிகள் தெரியாது. ஷோ என்பதற்குப் பதில் ஷோடயலாக் போட்டால் வின்ஃபார்ம்ஸ் தன் சொந்த லூப்பை ஓட்டும், விசைகள் உயிர்பெறும். ஜன்னல் திறந்திருக்கும்போதே ஹோஸ்டும் இயங்க வேண்டும் என்றால் தனி எஸ்டிஏ (ஜன்னல்களுக்கு வேண்டிய வகை) திரெட் ஒன்றைத் தொடங்கி, அதில் அப்ளிகேஷன் ரன் மூலம் ஃபார்மை ஓட்டுங்கள். அந்தத் திரெட்டை பேக்கிரவுண்ட் என்று குறித்துவிடுங்கள், ஹோஸ்ட் மூடும்போது ப்ராசஸ் பிடிவாதமாக நிற்காது.